‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ சிறுவன் பில் மூமி வளர்ந்ததும் ஏன் காணாமல் போனார்?

காணாமல் போனாரா? யார் சொன்னது?

விண்வெளியில் வழிதவறும் ராபின்சன் குடும்பத்தின் கதையான ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’, நெட்ஃபிளிக்ஸில் 2018-ல் புதிய தொடராக வந்ததைப் பார்த்துவிட்டு, 1960-களின் பழையதையும் கொஞ்சம் மேய்ந்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் மூமியை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. புதிய தொடரில் ஒரு பெண், டாக்டர் ஸ்மித் என்பவரின் அடையாளத்தைத் திருடிக்கொள்கிறாளே, அந்த நிஜ ஸ்மித்தாக வருபவர் அவர்தான்.

1954-ல் பிறந்தவர். 1961-லேயே ‘ட்விலைட் ஸோன்’ தொடரில் ஊரையே நடுங்க வைக்கும் ஆறு வயதுப் பையனாக வந்தார். பிடிக்காதவர்களை மனதால் நினைத்தே சோளக்கொல்லைக்கு அனுப்பிவிடுவான். 1965 முதல் 1968 வரை ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ 83 எபிசோடுகள், அதில் வீட்டுச் சிறுவன் வில் ராபின்சன். அதோடு முடிந்தது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் பாட்டுப் பக்கம் போனார். ‘பார்ன்ஸ் அண்ட் பார்ன்ஸ்’ என்ற இருவர் குழுவில் ‘ஃபிஷ் ஹெட்ஸ்’ என்று மீன் தலைகளைப் பற்றி ஒரு கிறுக்குப் பாட்டு. நம்ப மாட்டீர்கள், அது ஹிட்.

அப்புறம் 1994 முதல் 1998 வரை, ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் ‘பாபிலோன் 5’ தொடர். அதில் லென்னியர் என்ற மின்பாரி, அதாவது வேற்றுக்கிரக இனத்தவன். மழித்த தலை, பின்னால் எலும்புக் கிரீடம், காலையில் உட்கார்ந்து ஒட்ட வேண்டிய மேக்கப். அந்த வில் ராபின்சன் முகத்தைத் தேடினாலும் கிடைக்காது. குரலும், தலை குனிந்து பேசும் பணிவும்தான் மிச்சம். தன் இனத்தின் தூதரான டெலென் மீது லென்னியர் வைத்திருக்கும் சொல்லாத காதலை அத்தனை ரப்பருக்கு அடியிலிருந்து காட்டினார். சின்ன வயதில் செய்த எதையும்விட அதுதான் அவருடைய நல்ல வேலை என்பேன். பழைய ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் சுருக்கென்று படுகிறது என்றால், சின்ன வயதில் நான் டப்பிங் பேசியவன். ஆங்கிலத் தொடர்கள் தமிழில் வந்தபோது அதில் வரும் பையன்களுக்குக் குரல் கொடுத்தேன். மைக்கைத் தாழ்த்தியும் எட்டாமல் பலகை போட்டு ஏற்றி நிறுத்துவார்கள். வசனத்தைவிட ரியாக்‌ஷன்தான் கஷ்டம். திரையில் பையன் ஓடுவான். நான் நின்ற இடத்தில் கால் சத்தம் கேட்காமல் மூச்சிரைக்க வேண்டும். ஒரு விண்வெளித் தொடர் பாதியில் இருக்கும்போது குரல் உடைந்தது. சவுண்ட் இன்ஜினியர் வெந்நீர் குடிக்கச் சொன்னார், மிளகு தந்தார். ஒன்றும் ஆகவில்லை. மீதி எபிசோடுகளை ஓர் அக்கா பேசினார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என்னைவிடப் பையனாகவே பேசினார். பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் வகுப்புப் பையன்களுக்கே தெரியவில்லை.

இன்றும் கல்யாண வீடுகளில், “ஏம்ப்பா, முன்னாடி டிவில பேசுவியே, விட்டுட்டியா?” என்பார்கள். விடவில்லை சித்தப்பா. உங்கள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால் “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று சொல்வது நான்தான். (என்னை மூமியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கமென்டில் கிளம்ப வேண்டாம். சீரழிந்த குழந்தை நட்சத்திரங்களும் உண்டு, மறுக்கவில்லை. கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். பழைய தொடரின் ரோபோவுக்குள் நின்று வியர்த்தவர் பாப் மே. குரல் டிக் டஃபெல்ட். 1998-ல் அதைப் படமாக எடுத்தபோது முக்கியப் பாத்திரங்களில் புது ஆட்களைப் போட்டார்கள், ரோபோவுக்கு மட்டும் அதே டஃபெல்ட்தான் பேசினார். முப்பது வருடம் கழித்தும் அந்தக் குரலைத் தேடிப் போனார்கள். இங்கே டப்பிங் பேசியவர் பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள், அதற்குள் ‘அடுத்த எபிசோடு’ பொத்தான் வந்து மறைத்துவிடுகிறது. எனக்குப் பதில் பேசிய அந்த அக்காவின் பெயர் அந்தத் தொடரில் எங்குமே இல்லை. சம்பளமும் ஒழுங்காக வரவில்லை, அது தனிக் கதை.

சரி, மூமிக்கு வருவோம். ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரிலும் 1998-ல் ஓர் எபிசோடில் வருகிறார், அதில் ஒட்டுவேலை எதுவும் இல்லாத மனிதனாக. நேரம் இருந்தால் ‘பாபிலோன் 5’ ஆரம்பியுங்கள். முதல் சீசன் மெதுவாகத்தான் போகும், இரண்டாவது சீசன் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.