கடல் இல்லாத சேலத்துக்கு வெள்ள பயம் எதற்கு?

"கடலும் இல்லை, காவிரியும் ஊருக்குள் ஓடவில்லை. பருவநிலை மாற்றத்தால் சேலத்துக்கு வெள்ளம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் திருமணிமுத்தாறு வழியாக ஊருக்குள் இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். அதனால் பல நாள் பெய்ய வேண்டியது ஒரே ராத்திரியில் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகும் அதன் மழையில் 2024 டிசம்பரில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே!

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஓடையை ஒட்டி வீடு, வாய்க்காலுக்குள் குப்பை என்றால் தண்ணீர் எங்கே போகும்?

வளரும் நாடுகளில் வெள்ளத்தின் அடி ஏன் பலமாக விழுகிறது என்பதற்கு, தரையில் குழி தோண்டி அமைக்கும் கைத்தறியான குழித்தறியைப் பாருங்கள். நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் குழியில் முழங்கால் அளவு நீர் ஊறினால், அது வற்றிக் காயும்வரை நெசவு இல்லை, கூலியும் இல்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நனைந்தால் அந்த நஷ்டம் வேறு. காப்பீடு இருக்காது, கடன்தான். வாய்க்காலை ஐப்பசிக்கு முன்னால் தூர்வாரினாலே அந்த வீட்டுக்குப் பாதி பயம் குறையும்.