அவுட்போர்டு எஞ்சினைச் சேமித்து வைக்கும் முன்

வணக்கம். படகின் பின்புறம் வெளியே மாட்டப்பட்டு (அதுதான் அவுட்போர்டு) கடலில் ஓடிய கார்புரேட்டர் எஞ்சினைச் சாவியைத் திருப்பி அணைத்து, உறை போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில், தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் குழாய்க் கவ்வியை (தண்ணீர்க் குழாயை அத்துளைகளோடு இணைக்கும் ரப்பர்க் கிண்ணங்கள்) பொருத்தி, நல்ல தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே எஞ்சினை நியூட்ரலில் 10 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். தண்ணீரில்லாமல் இயக்கினால் குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரம்) வெகு விரைவில் கெட்டுவிடும். அடுத்து, எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கிப் பிசினாவது பெருமளவு தவிர்க்கப்படும். பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஃபாகிங் ஆயில் (துருவைத் தடுக்கும் எண்ணெய்) தெளித்து, எஞ்சினைச் சுழற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சில சுற்றுகள் சுற்றுங்கள். கியர் ஆயிலையும் இப்போதே வடித்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள், ஆகவே சீலை மாற்றாமல் மூடி வைக்க வேண்டாம். எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள்.