பதில்: குளுக்கோஸைக் குறைத்ததும் ஈஸ்ட் ஆயுள் கூடியது, காரணம் சர்-2 தானா?

2 சதவீதக் குளுக்கோஸைவிட அரை சதவீதத்தில் உங்க ஈஸ்ட் கூடுதல் நாள் தாங்குது. அதுக்கு ஈஸ்டோட சர்-2 (SIR2) மரபணுதான் காரணம்னு எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. 1999-ல சர்-2 பேர் வாங்கினது, ஒரு தாய்ச்செல் எத்தனை மொட்டு விடும்ங்கிற கணக்குல. நீங்க அளக்குறது, பெருகுறதை நிறுத்தின செல் எத்தனை நாள் உயிரோட இருக்கும்ங்கிறதை. ரெண்டும் வேற ஆயுள்.

முதல்ல சந்தேகப்பட வேண்டியது அசிட்டிக் அமிலத்தை. குளுக்கோஸ் அதிகமானா ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும், பிறகு அதுல இருந்து வர்ற அமிலம் ஊடகத்துல, அதாவது ஈஸ்ட் வளர்ற சத்துக் கரைசல்ல, சேர்ந்து செல்லையே கொல்லும். ஊடகத்தை பிஹெச் 6-க்கு பஃபர் பண்ணி (அமிலத்தன்மை மாறாம நிறுத்தி) இன்னொரு தடவை ஓட்டுங்க. வித்தியாசம் சுருங்கினா விடை அமிலத்துலதான். லியூசின்ங்கிற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்காத ஈஸ்ட் ரகம்னா, அதோட பற்றாக்குறை முடிவைக் குழப்பாம இருக்க அதைத் தாராளமா சேருங்க.

அப்புறம், பெங்களூர் மழைக்கால மின்வெட்டுல ஷேக்கர் (குடுவையைக் குலுக்குற கருவி) நின்ன நேரத்தையும் நோட்டுல குறிச்சிடுங்க. காத்து குறைஞ்சா சுவாசமும் மாறும்.