மோலியும் புதுக்கோட்டை ராஜாவும்

அன்புள்ள ஐயா,
வெள்ளைக்காரி ஒருத்தி வந்து புதுக்கோட்டை ராஜாவைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? மகன் இருந்தும் ஏன் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை?
ஒரு வாசகி, திருமயம்

அன்புள்ள வாசகிக்கு,

ராஜா போனது உண்மை. ஆனால் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அதற்கு முன்பே ஊரில் கால் தரிக்காது. ஐரோப்பியப் பயணம், குதிரைப் பந்தயம் என்றே இருந்தவர். மெல்போர்னில் பிறந்த மோலி ஃபிங்கை 1915 ஆகஸ்டில் அங்கேயே பதிவுத் திருமணம் செய்தபோது அவருக்கு வயது 39, மோலிக்கு 20.

அந்த ஆண்டே இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். அதாவது, இங்கே வாழலாம் என்ற எண்ணத்தோடுதான் அந்தப் பெண் வந்திருக்கிறார், இதை யாரும் சொல்வதில்லை. வெள்ளைக்காரப் பெண் ஓர் இந்திய ராஜாவுக்கு மனைவியாவதை ஆங்கிலேய அரசால் சகிக்க முடியவில்லை. ராணி என்று அங்கீகரிக்க மறுத்தது, பிள்ளை பிறந்தாலும் வாரிசாகாது என்பதுதான் அதன் நிலை. உள்ளூரிலும் வரவேற்பு இல்லை. கர்ப்பமாக இருந்தபோது அரளி விஷம் வைக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். சில மாதங்களிலேயே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள், யாராக இருந்தாலும் கிளம்பத்தானே செய்வார்கள்? மகன் மார்த்தாண்ட சிட்னி 1916 ஜூலையில் சிட்னியில் பிறந்தான் (பெயரிலேயே ஊரை வைத்துவிட்டார்கள்).

பிறகு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ராஜா ஆட்சியிலிருந்து ஒதுங்கினார். சகோதரர் ரீஜண்டாக, அதாவது ராஜாவுக்குப் பதிலாக ஆட்சியை நடத்துபவராகப் பொறுப்பேற்றார். எனக்கு ராஜா மேல்தான் வருத்தம், மனைவிக்கும் மகனுக்கும் உரிமை கேட்டு எழுதிக்கொண்டே இருந்தவர், குடிமக்களைப் பற்றி அந்த அளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மோலியும் ஒன்றும் தியாகி அல்ல. பிரான்சின் கான் நகரத்தில் விருந்து, நகை, நாகரிக உடை என்று வாழ்ந்தவர்தான். அந்தக் கால மகாராஜாக்கள் பலர் இதைவிட அதிகம் செலவழித்தார்கள், அவர்களை யாரும் கொத்திக்கொண்டு போனதாகப் பேச்சில்லை.

1928இல் ராஜா பாரிஸில் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை, லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் செய்தார்கள். மகனுக்கு அப்போது வயது பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவனை விட்டுவிட்டு, தொண்டைமான் குடும்பத்திலேயே வேறொரு ஆறு வயதுச் சிறுவனான ராஜகோபாலனை அரியணையில் உட்கார வைத்தது அரசு. பட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். கணவர் போனபின் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மோலி, 1967இல் கானில் இறந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராஜகோபால தொண்டைமானைப் பார்த்திருந்தால் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.