‘இசை வரலாற்றில் இன்று’ என்றால் என்ன, ஒரே தேதியில் எப்படி இத்தனை நிகழ்வுகள்?

ஆண்டைக் கண்டுகொள்ளாமல் மாதத்தையும் தேதியையும் மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த நாளில் பிறந்த பாடகர்கள், வெளிவந்த ஆல்பங்கள், நேர்ந்த மரணங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்குவதுதான் அது.

ஜனவரி 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல்விஸ் பிரெஸ்லி (1935), டேவிட் போவி (1947) இருவருக்கும் அன்றுதான் பிறந்தநாள். அது போதாதென்று போவியின் கடைசி ஆல்பமும் 2016-ல் அவருடைய 69-வது பிறந்தநாளன்றே வந்தது, இரண்டே நாளில் அவர் இறந்தும் போனார். படிக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும்.

சரி, இதெல்லாம் விதியா? இல்லை, வெறும் இட நெருக்கடி. 366 அறைகள் உள்ள ஓர் அலமாரியில் பல்லாயிரம் கடிதங்களைப் போட்டால் ஒவ்வோர் அறையிலும் ஒரு கத்தை சேரும், அதில் ஏதாவது இரண்டு கடிதங்கள் பொருந்திப்போவது போலவும் தோன்றும். வெறும் 23 பேர் கூடியிருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்கிறது கணக்கு. (ஆல்பம் வெளியாகும் நாள் மட்டும் மனிதர்கள் தேர்ந்தெடுப்பது, அது வேறு கதை.)

அப்புறம், ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் கண்ணில் பட்டால் ஒன்று தவறு என்று முடிவுகட்ட வேண்டாம்: பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜான் லெனன் 1980 டிசம்பர் 8 இரவு நியூயார்க்கில் சுடப்பட்டபோது, அவர் பிறந்த இங்கிலாந்தின் லிவர்பூலில் நேர வித்தியாசத்தால் டிசம்பர் 9 பிறந்துவிட்டிருந்தது.