ஸ்மார்ட் மீட்டர்னா என்ன, மாத்தினா பில் ஏறுமா?

ஸ்மார்ட் மீட்டர்னா பெருசா ஒண்ணும் இல்ல, கரண்ட் யூனிட் எண்ணுற அதே மீட்டர்தான், உள்ள சிம்மோ ரேடியோவோ இருக்கும், கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை எவ்ளோ ஓடுச்சுன்னு குறிச்சு வெச்சு தானாவே அனுப்பிடும், ரீடிங் எடுக்க ஆள் வரவேணாம். கரண்ட் கம்பெனிக்கு அந்த நேரக்கணக்குதான் முக்கியம், ஏன்னா சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா ஸ்விட்ச் போடும்போதுதான் லோடு எகிறும். பரீட்சையில மொத்த மார்க் மட்டும் தெரியறதுக்கும் கேள்விவாரியா தெரியறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நமக்கும் லாபம் உண்டு, லைட்டு, டிவி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு தூங்கினாலும், நேரவாரியா எவ்ளோ ஓடுச்சுன்னு காட்டுற கிராஃப் ராத்திரி சைபருக்கு இறங்காது, பிரிட்ஜும் செட்டாப் பாக்ஸும் சத்தமில்லாம இழுத்துட்டே இருக்கறது அப்பதான் தெரியும் (எனக்கு இதான் புடிச்ச விஷயம்).

புது மீட்டர் வேகமா ஓடுதுங்கறாங்களே, பழைய சுத்துற தகடு மீட்டர் தேஞ்சு கம்மியா காட்டியிருக்கலாம், இல்ல நேரத்துக்கு நேரம் ரேட் மாறியிருக்கலாம், மத்தபடி ஒரு யூனிட்னா ரெண்டுலயும் 1000 வாட் ஒரு மணி நேரம்தான்.