கேள்வி-பதில்: கேம் நின்றுபோனால் கிராபிக்ஸ் கார்டையா மாற்றுவது?

கேள்வி: 2023 டிசம்பரில் கோர் ஐ9-14900கே போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். கொஞ்ச நாளாக அன்ரியல் இன்ஜினில் உருவான கேம்கள் திறக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொள்கின்றன. கிராபிக்ஸ் கார்டில் 16 ஜிபி இருக்கிறது. டிரைவரைப் பழையது, புதியது என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைக்காரர் கார்டை மாற்றச் சொல்கிறார். பிராசசர் சூடு பெரும்பாலும் 45 டிகிரிதான். என்ன செய்யலாம்?

பதில்: கார்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பிழைச் செய்தி கார்டைக் காட்டினாலும், இந்த அறிகுறி இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் பலரும் பார்த்தது. கேம் திறக்கும்போது சுருக்கி வைத்த தரவை விரிப்பதும் ஷேடர்களை (திரையில் ஒளி, நிறம் தீட்டும் சிறு புரோகிராம்களை) தயார் செய்வதும் பிராசசரின் வேலை. அந்தக் கணக்கு எங்காவது தவறினால், கேம் அதை வீடியோ மெமரிப் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போதும், டிரைவரை நிறுவும்போதும் பிழை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

காரணத்தை 2024-இல் இன்டெல்லே சொல்லிவிட்டது. கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் தேய்கிறது. அப்புறம் பழைய வேகத்துக்கே முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. மதர்போர்டு நிறுவனங்கள் மின்வரம்பைத் தளர்த்தி வைத்திருந்தது ஒரு பக்கம். சும்மா இருக்கும் நேரத்திலும் லேசான வேலையிலும்கூட பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது இன்னொரு பக்கம். அதனால் உங்கள் 45 டிகிரியை வைத்து பிராசசர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பயாஸிலோ (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் மதர்போர்டு சாஃப்ட்வேர்) இன்டெல்லின் எக்ஸ்டியூ சாஃப்ட்வேரிலோ பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் ரேஷியோவை, அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணை, 53-க்குக் குறைத்துவிட்டு அதே கேமைத் திறந்து பாருங்கள். இப்போது ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் கோளாறு பிராசசரில்தான். இதைத் தீர்வாக நினைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள், தேய்ந்த சிப் மேலும் தேயும்.

நீங்கள் தேட வேண்டிய அப்டேட் கிராபிக்ஸ் டிரைவர் அல்ல, பயாஸ். பிராசசரை உள்ளிருந்து நடத்தும் மைக்ரோகோடு அதற்குள்தான் வருகிறது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு பதிப்பு, வோல்டேஜ் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் நிறுத்தியது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, லேசான வேலையின்போது கேட்ட கூடுதல் வோல்டேஜையும் சரிசெய்தது. நாள்கணக்கில் அணைக்காமல் ஓடும் கம்ப்யூட்டர்களுக்காக 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் வந்தது. உங்களிடம் எது இருக்கிறது என்பதை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் காட்டும். பயாஸை மாற்றிய பிறகு ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால், பயாஸைத் தொடும் முன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

ஆனால் இந்த அப்டேட்டுகள் இனிமேல் தேயாமல் காப்பவை, ஏற்கெனவே தேய்ந்ததை மீட்பவை அல்ல. எனவே வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள். இந்தத் தலைமுறைகளில் பாதிக்கப்பட்ட, பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டி, 5 ஆண்டாக்கியிருக்கிறது. உங்களுடையது பெட்டியோடு வாங்கியதென்றால் 2028 டிசம்பர் வரை உரிமை உண்டு. டிரே பிராசசர் (பெட்டியில்லாமல் விற்பது) என்றால் விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் கைவிரித்தாலும் விடாதீர்கள், இது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமை. மாற்று பிராசசர் கைக்கு வந்ததும், அதைப் பொருத்தும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகலாம்.

செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பில்லும் பெட்டியும் இல்லாமல் வாங்கவே வேண்டாம். முன்பு எந்த பயாஸில் ஓடியது என்று சிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

கேள்வி: ரைசன் 9 7950எக்ஸ், 360 எம்எம் லிக்விட் கூலர். வீடியோ ரெண்டர் போட்டால் உடனே 95 டிகிரி. இதைவிடப் பெரிய கூலர் வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. இந்த பிராசசர் 95 டிகிரியைத் தொடும்வரை, அல்லது 230 வாட் மின்வரம்பு முட்டும்வரை, தானே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டது. பெரிய கூலர் மாட்டினால் வேகம் சற்று கூடுமே தவிர, அதே 95-ஐ மறுபடி பார்க்க வாய்ப்பு அதிகம். பார்க்க வேண்டியது கிளாக் வேகத்தை. முழுச்சுமையிலும் 4.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகவில்லை என்றால் கவலை வேண்டாம். கீழே போனாலோ, சாதாரண கேமிலேயே 95 வந்தாலோ கூலரில்தான் ஏதோ கோளாறு. அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா, பம்ப் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் ஊர்க் கோடையில் அறையின் சூடு ஏறினால், கூலரால் இறக்க முடிகிற அளவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். அதோடு அந்த 230 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள்தான் வருகிறது. அதனால் நான் சொல்வது ஈகோ மோடு. பயாஸில் 105 வாட் என்று தேர்ந்தெடுத்தால் மின்வரம்பு 142 வாட்டுக்கு இறங்கும். ரெண்டர் நேரம் சற்றுத்தான் கூடும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். கூலருக்கு வைத்திருந்த பணம் அப்படியே மிச்சம்.

கேள்வி: புதிதாக ரைசன் 9 9950எக்ஸ்3டி வாங்கியிருக்கிறேன். பிராசசர் டிரைவரைத் தானாகப் புதுப்பிக்கும் சாஃப்ட்வேருக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்களுக்குத் தேவையான சிப்செட் (மதர்போர்டின் துணைச் சிப்) டிரைவரை ஏஎம்டி தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. உங்கள் பிராசசரில் அதைத் தவிர்க்கவும் கூடாது. 16 கோர்களும் இரண்டு துண்டுகளில் எட்டெட்டாக இருக்கின்றன, கூடுதல் கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்) ஒரு துண்டில் மட்டும்தான். கேமை அந்தத் துண்டுக்கு அனுப்புவதற்கான டிரைவர் சிப்செட் தொகுப்புக்குள் வருகிறது. ஓடுவது கேம்தானா என்று அதற்குத் தெரிய விண்டோஸில் இருக்கும் ‘எக்ஸ்பாக்ஸ் கேம் பார்’ வசதியும் வேண்டும், அதை நீக்கிவிடாதீர்கள். பழைய பிராசசர் இருந்த விண்டோஸையே தொடர்ந்து பயன்படுத்தி, கேம்கள் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்றால், விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டு சிப்செட் டிரைவரை முதலில் போடுங்கள்.